கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்

பூம்புகாரில் பொழுது சாய்வதை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்காத விருந்தாளிகள் குறைவு. கடற்கரை விடுதி ஒன்றின் வரவேற்பு மேஜையில் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அறைச் சாவியைக் கையில் வாங்கும்போதே கேட்டுவிடுவார்கள். நான் பேனாவை நீட்டி வாசல் பக்கம் காட்டுவேன். அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டும் சவுக்குத் தோப்பும்தான் இருக்கும். "கடலுக்கு முதுகக் காட்டி நில்லுங்க சார்" என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிலர் மேனேஜரிடம் போயிருக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து கேமராவும் மூன்று கால் ஸ்டாண்டுமாக வந்த ஒருவர், விளம்பரத்தில் கடல்மேல் சூரியன் இருக்கிறதே என்று மேஜையைத் தட்டினார். "அது காலையில எடுத்த படம் சார், நாளைக்கு அஞ்சரைக்கு எழுந்திரிங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இது கிழக்குக் கரை. இங்கே சூரியன் கடலிலிருந்து எழும், நிலத்தில்தான் விழும். ஆனாலும் பார்க்க நல்ல இடங்கள் உண்டு. காவிரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு மணலிலேயே நடந்து போய், கடலை மறந்துவிட்டு, ஆறு வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். மாசி மாதம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும்போது சூரியன் நேராக ஆற்றுக்குள் இறங்கும். சித்திரையில் போனால் வெறும் மணலுக்குள் இறங்கும், அதுவும் அழகுதான். அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்கள் மாயவரம் சாலையில் முதல் வாய்க்கால் மதகில் உட்கார்ந்தால் போதும், வயல்களின் எல்லையில் அது போவது தெரியும். இந்த ஊர்ப் பொழுதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. ஊரார் எல்லாருக்கும் காட்டினேன். காட்டவேண்டிய ஒருத்திக்கு மட்டும் காலத்தில் காட்டவில்லை. அவள் என் அம்மா.

எங்கள் ஊர் திருவாரூருக்குத் தெற்கே. அம்மா நடவு வேலை செய்தவள். அப்பா பண்ணையில் ஏர் ஓட்டியவர். எங்கள் பக்கம் சூரியனுக்கே பொழுது என்றுதான் பெயர். பொழுது கிளம்பினால் வயலில் இறங்க வேண்டும், பொழுது சாய்ந்தால் கரையேறலாம். கடிகாரம் மிராசுதார் வீட்டில் இருந்தது. வயலில் நின்றவர்களுக்கு வானம்தான். அதனால் பொழுது சாய்ந்துவிட்டதா இல்லையா என்பது எங்கள் ஊரில் ரசிக்கிற விஷயமாக இருக்கவில்லை. சண்டை போடுகிற விஷயமாக இருந்தது.

மேற்கு வரப்பில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. பொழுது பனந்தலையைத் தொட்டால் கரையேறலாம் என்றார்கள் ஆட்கள். பனைக்குப் பின்னால் முழுதாக மறைந்து, அடிவானத்தில் சிவப்பும் போன பிறகுதான் சாய்ந்ததாகக் கணக்கு என்றார் மிராசுதாரின் காரியஸ்தர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். குனிந்து நாற்று நடுகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவென்று நட்டவளுக்குத்தான் தெரியும். அப்போதுதான் புது ஆட்சி வந்திருந்தது. ஊர்ச் சுவர்களில் எல்லாம் இரண்டு மலைக்கு நடுவே சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. "உதிக்கிறதெல்லாம் செவுத்துல உதிக்கிது, வயல்ல சாயத்தான் மாட்டேங்குது" என்று அப்பா சொல்லுவார். செங்கொடி ஏறியது. தாசில்தார் வந்தார். இரண்டு பக்கமும் மரத்தடியில் நின்று பேசி, பொழுது பனந்தலையைத் தொட்டால் வேலை முடிந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு அம்மா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. வெளிச்சத்தில் அவள் சோறாக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எட்டாம் நாள் பனையை வெட்டிவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். வெட்டிப் போட்ட பனையின் மேல் காலை வைத்துக்கொண்டு, "இப்ப பொழுது எதத் தொடுதுன்னு சொல்லுங்கடா பாப்பம்" என்று காரியஸ்தர் கேட்டாராம். ஆட்கள் எல்லாரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று நாள் வயலில் இறங்கவில்லை. நாலாம் நாள் போலீஸ் வேன் வந்தது. அப்பாவையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் கழித்து அப்பா திரும்பி வந்தபோது இருமல் கூடவே வந்தது. நெஞ்சில் அடி விழுந்ததா என்று அம்மா கேட்டதற்கு அவர் துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டார். அடுத்த வருஷ அறுவடைக்கு அவர் இல்லை. பிறகு சட்டங்கள் வந்தன, குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது, வேலை நேரமும் ஒரு ஒழுங்குக்கு வந்தது. எல்லாம் வந்தது. அப்பா செத்தது பனைக்காகத்தான் என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

அதன்பிறகு அம்மாவுக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. கூத்தாநல்லூர் ஜவுளிக்கடை ஒன்றில் கொடுத்த காலண்டர் எங்கள் வீட்டில் தொங்கியது. அதில் கடலுக்குள் சூரியன் பாதி முழுகியிருக்கும். வருஷம் முடிந்த பிறகும் அவள் அதைக் கழற்றவிடவில்லை. "இது மாதிரி ஒரு எடத்துல குந்திக்கிட்டு, கைய மடியில வச்சிக்கிட்டு, பொழுது சாயறதப் பாக்கணும்டி. இன்னும் சாயலன்னு சொல்ல அங்க ஒருத்தனும் இருக்க மாட்டான்" என்பாள். தன் வாழ்நாளில் பொழுது சாய்வதை நிமிர்ந்து பார்த்ததே இல்லை என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு அது முதுகில் நடந்த விஷயம். முதுகில் சூடு குறைந்தால் பொழுது இறங்குகிறது, அவ்வளவுதான்.

நான் விடுதியில் தங்கிப் படித்தேன், டைப் அடிக்கக் கற்றேன், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்தேன். பூம்புகாரில் வேலை என்று கடிதம் வந்தபோது நான் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, ஒனக்குக் கடல்ல பொழுது சாயறதக் காட்டுறேன்" என்பதுதான்.

அம்மா யோசித்தாள். "சமுத்திரம் நமக்குக் கெழக்கால இல்ல கெடக்கு?"

"படிச்சவ நானா நீயா?" என்று கேட்டேன். "கடல்னா அப்புடித்தான் இருக்கும். சும்மா இரு."

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. திசை என்றால் என்ன என்று உடம்பாலேயே தெரிந்தவள், மகள் படித்தவள் என்பதற்காகக் கிழக்கை மேற்காக்கிக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலமே நான் கடற்கரைக்குப் போனேன். மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் மங்கியது, சாம்பல் ஆனது, கருத்தது. சூரியனைக் காணோம். கூடையோடு போன மீன்காரப் பெண்ணிடம், "இன்னிக்கி மேகமா?" என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொழுது ஒனக்குப் பின்னாடியே போயி எந்நேரம் ஆச்சு" என்றாள். பூகோளத்தில் நான் வகுப்பில் முதல். ஆனால் எனக்கும் அந்தக் காலண்டர்தான் பாடம் நடத்தியிருக்கிறது.

அதை அடுத்த வாரமே ஊருக்குப் போய், "தப்பாச் சொல்லிட்டேம்மா, அது நெலத்துலதான் விழுது, வா, ஆத்து முகத்துல நின்னு பாக்கலாம்" என்று சொல்லியிருந்தால் அம்மா ஒரு வாரம் கேலி செய்துவிட்டு வந்திருப்பாள். நான் சொல்லவில்லை. முதலில் வெட்கம்தான் காரணம். பிறகு வேறொரு காரணம் வந்து சேர்ந்தது, அது வெட்கத்தைவிடக் கேடுகெட்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேனேஜர், "உங்க வீட்டுல என்னம்மா பண்றாங்க?" என்று கேட்டார். அவருக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், காவிரிக் கரையிலேயே நிலம்.

"விவசாயம் சார்" என்றேன்.

பொய் இல்லை. என் அம்மா செய்ததைவிட விவசாயம் எது? நாற்று விட்டவள் அவள், நட்டவள் அவள், களை பறித்தவள் அவள், அறுத்தவளும் அவள். ஆனால் எங்கள் ஜில்லாவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. நிலம் உள்ளவர் செய்வதுதான் விவசாயம். அதை நிஜமாகச் செய்கிறவர் செய்வது வேலை. மேனேஜர் முகம் மலர்ந்தது. "அப்படியா, எத்தனை வேலி?" என்றார்.

வேலி என்றால் ஆறேழு ஏக்கர். எங்களுக்கு இருந்தது குடிசை நின்ற மனை. அந்த இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்சந்தான் சார்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நான் மிராசுதார் வீட்டுப் பெண் ஆகிவிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல், "உங்க பக்கம் சம்பா எப்படி?" என்று விசாரிப்பார். நானும் பதில் சொல்லுவேன். எல்லாம் சரியாகத்தான் சொல்லுவேன், அம்மாவிடம் கேட்டதுதானே.

இனி அம்மாவை எப்படி அழைத்துவருவது? அவள் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விரல் இடுக்குகள் சேற்றுப்புண்ணில் வெந்து வெந்து கறுத்தவை. வாயைத் திறந்தால் இன்னும் தெரியும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் கேட்பாள், "ஏண்டி ஆயி, எப்ப என்னய கூட்டிக்கிட்டுப் போவ?" சீசன் கூட்டம் என்பேன். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்பேன். மழை, புயல், அறைகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்பேன். கூட்டம் இல்லாத மாதத்தில், கூட்டம் இல்லாவிட்டால் என்னத்தைப் பார்ப்பது என்றுகூடச் சொன்னேன். அம்மா ஒரு தடவைகூட வற்புறுத்தவில்லை. "சரி, அடுத்த தடவ" என்பாள். இப்படியே ஒன்பது வருஷம் ஓட்டினேன்.

ஒன்பதாம் வருஷம் அவள் நடவில் வரிசை விடுகிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்று நடுகிறவள் கால்மேல் நாற்றை நட்டாளாம். சிரித்திருக்கிறார்கள், அவளும் கூடச் சிரித்திருக்கிறாள். நான் போனபோது நிலைப்படியில் மோதி நெற்றி வீங்கியிருந்தது. தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, பல வருஷமாகப் பக்கவாட்டில் பார்வை குறைந்துகொண்டே வந்திருக்கும், போனது திரும்பாது என்றார் டாக்டர். ஒரு கண்ணில் வெளிச்சமா இருட்டா என்று மட்டும் தெரிந்தது. முன்னாலேயே வந்திருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். எனக்குத்தான் பட்டது.

அதன்பிறகுதான் அவளைப் பூம்புகாருக்கு அழைத்துவந்தேன். அப்போதும் நான் யோக்கியமாக நடந்துகொண்டதாக நினைக்க வேண்டாம். மேனேஜர் லீவில் போன நாளாகப் பார்த்துத்தான் கூட்டிவந்தேன்.

மாயவரத்தில் பஸ் மாறி வந்து சேர்ந்தபோது சாயங்காலம். விடுதிப் பக்கம் போகாமல் நேரே மணலுக்கு நடத்திக்கொண்டு போனேன். அலை ஈரம் தொடாத இடமாகப் பார்த்துக் கடலைப் பார்க்க உட்கார வைத்தேன். மனதுக்குள் ஒரு திட்டம் இருந்தது. கண் தெரியாதவள்தானே, சூரியன் கடலில் இறங்குகிறது, பாதி முழுகிவிட்டது, தண்ணீர் எல்லாம் செம்மண் கரைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கொடுத்த வாக்கை அப்படியாவது நிறைவேற்றலாம். "அம்மா, இப்ப பொழுது தண்ணிக்கி மேல நிக்கிது" என்று தொடங்கினேன்.

"எந்தப் பக்கம்டி என்னய குந்த வச்சிருக்க? முதுகு சுடுதுல்ல" என்றாள்.

அவள் மணலில் கையை ஊன்றி, மெல்ல நகர்ந்து நகர்ந்து, முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணைச் சிமிட்டினாள். "இந்தா, மஞ்சளா ஒண்ணு தெரியிது" என்றாள். பிறகு சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன். "தப்பாச் சொல்லிட்டேம்மா. இங்க பொழுது கடல்ல விழாது."

"அது எனக்குத் தெரியுமே. பஸ் ஸ்டாண்டுக்கு வடக்கால ஒரு டீக்கட இருக்கும். அதுக்கு மேலாப்புலதான் எறங்கும்."

நான் திரும்பிப் பார்த்தேன். டீக்கடைக் கூரைக்குச் சற்று மேலேதான் சூரியன் நின்றது. "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"வந்திருக்கேன்ல."

நான் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம், அறுப்பு முடிந்த கையோடு வந்ததாகச் சொன்னாள். ரொம்ப நாள் என்னைப் பார்க்காமல் என்னவோபோல் இருந்ததாம். கேட்டுக் கேட்டு பஸ் ஏறி வந்துவிட்டாளாம்.

"கண்ணாடிக் கதவுடி. வெளிய நின்னா உள்ள இருக்கறது அப்புடியே தெரியிது. நீ நீலப் பொடவ கட்டியிருந்த. கோட்டு போட்ட ஆளு ஒருத்தரு ஒன்கிட்ட என்னமோ கேக்குறாரு. நீ சிரிச்சிக்கிட்டே பேனாவ நீட்டிப் பதிலு சொல்ற. எனக்குப் பாத்துக்கிட்டே நிக்கலாம்போல இருந்திச்சு. வாசல்ல காக்கிச் சட்டக்காரரு வந்து, யாரு வேணும்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"யாரும் இல்லீங்க, பொழுது சாயறதப் பாக்கலாம்னு வந்தேன்னேன். இப்புடித் திரும்பி நின்னு பாருன்னு காட்டிவுட்டாரு. நல்ல மனுசன். பாத்துட்டுக் கடேசி பஸ்ஸுல போயிட்டேன்."

"உள்ள வந்திருக்கலாமேம்மா."

"வரப்புலேர்ந்து அப்புடியே கெளம்பி வந்த பொடவ. நீ அங்க என்ன சொல்லி வச்சிருக்கியோ, நான் வந்து கெடுத்துட்டா?"

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊரில் மழை பெய்தது என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான் விடவில்லை. "பாத்துட்டல்ல, அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவயும் எப்ப கூட்டிக்கிட்டுப் போவன்னு கேட்ட?"

அந்த மஞ்சள் வெளிச்சம் போய்விட்டது என்பது அவள் கண் சிமிட்டுவதை நிறுத்தியதில் தெரிந்தது.

"பொழுது ஊர்லதான் தெனமும் சாயிதே" என்றாள். "நீ கூப்புடுறியான்னு பாக்கத்தான் கேட்டேன்."

நான் எழுந்து அவளைக் கையைப் பிடித்துத் தூக்கினேன். மணல் வழியாக நடத்தி, சாலையைக் கடந்து, விடுதி வாசலுக்குக் கொண்டுவந்தேன். விளக்குப் போட்டிருந்தார்கள். உள்ளே விருந்தாளிகள் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள், மேஜையில் எனக்குப் பதிலாக இருந்த பெண்ணும் இருந்தாள். வாட்ச்மேன் எழுந்து வந்தார். நான் சேர்ந்த நாள் முதல் அதே வாசலில் இருக்கிறவர். அம்மாவின் வெறுங்காலையும் என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்களையும் பார்த்தார்.

"யாரு மேடம் இவங்க?"

"எங்கம்மா" என்றேன். "நடவு வேல செய்யிறவங்க."

அம்மா வாட்ச்மேனின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். அடையாளம் தெரிந்துவிட்டது போலிருந்தது. என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னாள்:

"அவருக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவ சொல்லு."

அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது. நான் இன்னொரு தடவை சொன்னேன்.